பொரித்தபோது மொறுமொறு, சாஸில் போட்டதும் சொதசொத: வீட்டில் கன்புங்கி செய்வது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். தென் கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்த்த காலத்தில், குடியிருப்புக்குப் பக்கத்திலிருந்த சீன உணவகத்தில் அடிக்கடி கன்புங்கி, அதாவது பொரித்த கோழியைப் புளிப்பும் இனிப்பும் காரமுமான சாஸில் புரட்டித் தரும் உணவு, சாப்பிட்டிருக்கிறீர்கள். சென்னைக்குத் திரும்பிய பிறகு இணையத்தில் கிடைத்த நாலைந்து செய்முறைகளை வைத்து வீட்டில் செய்து பார்த்திருக்கிறீர்கள். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும் கோழி, சாஸில் விழுந்ததும் சொதசொதத்துப் போகிறது. சுவையும் நம்மூர் சில்லி சிக்கன் பக்கமே போய் நிற்கிறது. “சரியான ரெசிபி யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருந்த பொருள் பட்டியலைப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதனால் இன்னொரு ரெசிபி தந்து பயனில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது, சுவை எந்த இடத்தில் திசை மாறுகிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கையில் இருக்கும் ரெசிபியே போதும்.

கேட்டரிங் படித்துவிட்டு கொரியாவில் இப்படிப்பட்ட ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தவன் நான். இப்போது கேட்டரிங் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். எது உறுதி, எது சமையல்காரனின் கைப்பழக்கம் என்பதையும் போகப்போகப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “கொரியன் ஃப்ரைட் சிக்கன்” என்று தேடினால் வருவது பெரும்பாலும் யாங்நியோம் சிக்கன். கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது, கெட்சப், கார்ன் சிரப் சேர்த்துச் செய்த சிவப்புச் சாஸ் பூசியது. அது பியர் குடிக்கும் சிக்கன் கடைகளின் உணவு. கன்புங்கியோ, ஜாஜங்மியான் என்ற கருப்புச் சாஸ் நூடுல்ஸ் விற்கும் சீன உணவகத்தின் உணவு. அதில் கோச்சுஜாங் கிடையாது. சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, பூண்டு, காய்ந்த மிளகாய், இவை ஐந்தும்தான் அதன் உயிர். அதே உணவகத்தின் மெனுவில் இன்னும் இரண்டு பொரித்த கோழிகள் இருக்கும். ராஜோகி என்பது காய்கறிகளோடு, ஸ்டார்ச் கரைத்துக் கெட்டியாக்கிய காரக் குழம்பில் வருவது. யூரிங்கி என்பது லெட்யூஸ் இலைமேல் பெரிய துண்டாகப் பொரித்து அடுக்கி, சோயா-வினிகர் கரைசலைக் கடைசியில் ஊற்றித் தருவது. கன்புங்கி இந்த மூன்றில் வறண்டது. சாப்பிட்டு முடித்த தட்டில் மிளகாயும் பூண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், குழம்பு தேங்கி நிற்காது. நீங்கள் பார்த்த செய்முறைகளில் ஒன்றாவது கடைசியில் கார்ன் ஃப்ளார் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கும். அது ராஜோகிக்குப் போகும் வழி.

இந்த உணவு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் “அசல் எது” என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 1882-ல் கொரியாவில் நடந்த ராணுவக் கலகத்தை அடக்க சிங் பேரரசின் படை வந்தது. அதோடு சீன வணிகர்களும் வந்தார்கள். 1884-ல் இஞ்சியோன் துறைமுகத்தில் சீனர்களுக்கென்று தனிக் குடியிருப்புப் பகுதி அமைந்தது. அங்கே வந்து குடியேறியவர்களில் பெரும்பாலானோர் மஞ்சள் கடலுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் ஷாண்டோங் மாகாணத்துக்காரர்கள். அவர்களின் சமையல்தான் ஜாஜங்மியானுக்கும் கன்புங்கிக்கும் அடி. 1949-க்குப் பிறகு சீனாவோடு தொடர்பு அறுந்தது, வணிகம் படுத்தது, பலர் உணவகத் தொழிலுக்கு வந்தார்கள். 1960-களில் வெளிநாட்டவர் நிலம் வைத்திருப்பதற்குக் கொரிய அரசு போட்ட கட்டுப்பாடுகள் அவர்களை நெருக்கின. நிறையப் பேர் தைவானுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பினார்கள். சமையலும் கூடவே போனது. சிகாகோவில் கொரியச் சீனர்களின் உணவகங்களில் ‘காம்போங்கி’ என்ற பெயரில் இதே குடும்பத்துக் கோழி கிடைக்கிறது. இறக்கைத் துண்டின் சதையை ஒரு முனைக்கு இழுத்து, நம் சிக்கன் லாலிபாப் வடிவில் பொரித்து, இனிப்பும் காரமுமான பிசுபிசுப்புச் சாஸில் புரட்டித் தருவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் சான் துங் என்ற உணவகத்தின் உலர்ந்த பொரித்த இறக்கைகளும் புகழ்பெற்றவை. பெயரிலேயே ஷாண்டோங் இருக்கிறது. ஆக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கன்புங்கி ரெசிபி ஒன்று இனிப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது தப்பில்லை. அது சுவோனில் நீங்கள் சாப்பிட்டதல்ல, அவ்வளவுதான். கொரியாவுக்குள்ளேயே பழைய பாணிக் கடைகள் எலும்போடு வெட்டிய கோழியில் செய்தன. இப்போது பெரும்பாலும் எலும்பில்லாத தொடைக்கறி.

இனி ஈரத்துக்கு வருவோம். பொரித்த மேலோட்டை நனைக்கும் தண்ணீர் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கோழிக்குள்ளிருந்து, சாஸிலிருந்து, பொரித்ததை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைப்பதால் கிளம்பும் ஆவியிலிருந்து. எல்லோரும் சாஸை மட்டும்தான் திட்டுவார்கள். மற்ற இரண்டும் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும்.

மேலோடு எதில் செய்கிறீர்கள் என்பதே பாதிக் கதை. நீங்கள் மைதாவும் கார்ன் ஃப்ளாரும் சரிபாதி என்று எழுதியிருந்தீர்கள். அது சில்லி சிக்கனின் மாவு. மைதாவில் இருக்கும் குளூட்டன் மேலோட்டைத் தடிப்பாக, ரொட்டித்தனமாக ஆக்கும், ஈரம் பட்டதும் அது உறிஞ்சிக்கொள்ளும். கன்புங்கிக்கு மைதாவே வேண்டாம், ஸ்டார்ச் மட்டும். அதிலும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சிறப்பு. அதன் துகள்கள் சோள ஸ்டார்ச்சின் துகள்களைவிடப் பெரியவை, சூட்டில் அதிகமாக உப்பும், சோளத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வெந்து கூழாகும். அந்தக் கூழிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது கண்ணாடி மாதிரி உடையும் ஓடு கிடைக்கிறது. சோளத்தில் இருக்கும் மாவு வாசமும் இதில் இல்லை. கடையில் வாங்கும்போது ‘பொட்டேட்டோ ஸ்டார்ச்’ என்று பார்த்து வாங்குங்கள். ‘பொட்டேட்டோ ஃப்ளோர்’, ‘பொட்டேட்டோ ஃப்ளேக்ஸ்’ இரண்டும் வேகவைத்து உலர்த்திய கிழங்கு. அவற்றைப் போட்டால் போண்டாதான் வரும். சென்னையில் கொரிய மளிகைக் கடைகளில் நல்ல ஸ்டார்ச் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கார்ன் ஃப்ளாரும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சரிபாதி. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கிறார்களே, அதேதான். மரவள்ளியை மட்டும் தனியாகப் போடாதீர்கள், ஆறியதும் ஜவ்வு ஜவ்வாக இழுக்கும்.

அந்த ஸ்டார்ச்சை அப்படியே தூவிப் பொரிப்பதில்லை, கரைத்து உடனே தோய்ப்பதும் இல்லை. ஒன்றரைக் கப் ஸ்டார்ச்சை இரண்டு கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து வைத்துவிடவேண்டும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுத்துத் தெளியவைப்பது போலத்தான். அடியில் வெள்ளையாகப் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை மெதுவாக வடித்து ஊற்றிவிடுங்கள். அடியில் இருக்கும் படிவத்தை விரலால் குத்திப் பாருங்கள், சுவர் மாதிரி எதிர்க்கும். விரலை அப்படியே வைத்திருந்தால் மெல்ல உள்ளே இறங்கும். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டும்வரை உருண்டையாக நிற்கும், கையை நிறுத்தினால் வழிந்தோடும். இந்த நிலைதான் பதம். இதில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்தால் மாவு தயார். எண்ணெய் சேர்ப்பதால் துண்டுகள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாது, ஓடும் லேசாக உதிரும்.

ஊறவைப்பதில் உறுதியானது என்னவென்றால், ஸ்டார்ச் தனக்குத் தேவையான தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மேலே விட்டுவிடுகிறது. அதனால் அளவு தவறாது, மாவு அடர்த்தியாகவும் சீராகவும் இருக்கும், கோழியில் நன்றாகப் பிடிக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஊறினால்தான் அந்த மொறுமொறுப்பு வரும் என்று பழைய சமையல்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அதை நான் அவ்வளவு தீர்மானமாகச் சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரத்தில் நன்றாகப் படிந்துவிடுகிறது, பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடுகிறது. ராத்திரி ஊறவைத்தே தீரவேண்டும் என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம்மூர் வெக்கையில் வெளியே வைத்தால் காலையில் புளிப்பு வாடை அடிக்கும்.

கோழி விஷயத்தில் கொஞ்சம் கடைக்காரரிடம் பேசவேண்டியிருக்கும். நெஞ்சுக்கறி வேண்டாம், இரண்டு முறை பொரித்தால் நார் நாராகிவிடும். தொடைப் பகுதியை எலும்பு நீக்கி, முடிந்தால் தோலோடு கேளுங்கள். 600 கிராம் இருந்தால் மூன்று பேருக்குத் தாராளம். ஒன்றரை அங்குலத் துண்டுகள். உப்பு, மிளகுத்தூள், இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன், இருந்தால் கொஞ்சம் அரிசி ஒயின், இருபது நிமிடம். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தயிர், எலுமிச்சை, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது என்று நம் கை தானாகப் போகும். விழுதின் ஈரமும் அதில் இருக்கும் பூண்டும் ஓட்டுக்குள் போய்க் கருகும், சில்லி சிக்கன் வாசம் வரத் தொடங்குவதும் அங்கேதான். சோயா சாஸில் ஊறவைக்கச் சொல்லும் ரெசிபிகளும் உண்டு. கொஞ்சமாகச் சேர்த்தால் கெடுதல் இல்லை, ஆனால் உள்ளே வேகும் முன்பே வெளியே நிறம் ஏறிவிடும், வெந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். மாவில் போடும் முன் துண்டுகளைத் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால், கஷ்டப்பட்டு வடித்த தண்ணீரை நாமே திரும்ப ஊற்றியது போல ஆகும்.

பொரிப்பது இரண்டு முறை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் முறை 160 முதல் 170 டிகிரி சூட்டில் நாலைந்து நிமிடம். இது கோழியை வேகவைப்பதற்கு. உள்ளே 74 டிகிரி எட்டிவிட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது. எடுத்து, கம்பி வலைமேல் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வையுங்கள். கிண்ணத்தில் குவித்தால் அடியில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே வெந்து மெத்தென்று ஆகிவிடும். டிஷ்யூ காகிதம் விரித்த தட்டும் அப்படித்தான், அடிப்பக்கம் நனையும். ஐந்து நிமிடம் காத்திருக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக ஓட்டுக்கு வருகிறது, தொட்டால் ஓடு தளர்ந்திருப்பது தெரியும். அந்த ஈரத்தை விரட்டத்தான் இரண்டாவது முறை, 180 முதல் 190 டிகிரியில் ஒன்றரை நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் காதை நம்புங்கள். போட்டவுடன் கனமாகச் சளசளக்கும் சத்தம், ஈரம் குறையக் குறைய மெலிந்து, சடசடவென்று தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். குமிழிகளும் சிறுத்துவிடும். அப்போது எடுக்கவேண்டும். கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்ச் ஓடு மைதா அளவுக்குச் சிவக்காது, வெளிர் பொன்னிறத்தில்தான் நிற்கும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கறி உலர்ந்துவிடும். எண்ணெய் ரீஃபைண்டு எதுவானாலும் சரி. செக்கெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

அடுத்தது சாஸ். இங்கே யாரும் கவனிக்காத ஒரு விஷயம் வினிகர். கொரியக் கடைகளில் கிடைக்கும் சாதாரண வினிகரில் அமிலத்தன்மை 6 முதல் 7 சதவீதம். நம் மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை சிந்தெடிக் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம் அளவில்தான் இருக்கும், பாட்டிலில் போட்டிருப்பார்கள், பாருங்கள். கொரிய ரெசிபி இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் என்றால், அதே புளிப்புக்கு இங்கே மூன்றுக்கு மேல் ஊற்றவேண்டும். அதாவது ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறோம். ரெசிபியில் தனியாகத் தண்ணீர் வேறு சொல்லியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஓடு நனையாமல் என்ன செய்யும்? அதனால் நம்மூர் வினிகரில் செய்யும்போது அந்தத் தனித் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். 600 கிராம் கோழிக்கு லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை இரண்டரை டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் ஒரு டீஸ்பூன், அது விருப்பம்தான். இவற்றைக் கிண்ணத்தில் சர்க்கரை கரையும்வரை கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விகிதம் நான் நிற்கும் இடம். சுவோன் கடையில் இன்னும் இனிப்பாக இருந்ததென்று உங்கள் நாக்கு சொன்னால் சர்க்கரையை அரை டேபிள்ஸ்பூன் ஏற்றுங்கள். கடைக்குக் கடை மாறும் விஷயம் இது, அதில் எந்த விகிதத்தையும் ‘சரியானது’ என்று யாரும் சாதிக்க முடியாது.

சில்லி சிக்கன் சுவைக்கான காரணத்தை இங்கேயே பேசிவிடலாம். நம் இந்தோ-சைனீஸ் சமையல் கல்கத்தாவில் குடியேறிய சீனர்களிடமிருந்து, முக்கியமாக ஹக்கா மக்களிடமிருந்து வளர்ந்தது. கொரியாவில் ஷாண்டோங்காரர்கள் செய்ததை இங்கே அவர்கள் செய்தார்கள், உள்ளூர் நாக்குக்குத் தங்கள் சமையலை வளைத்தார்கள். ஒன்றுவிட்ட உறவு என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் கொஞ்சம் சறுக்கினாலும் அந்தப் பக்கம் போய் விழுகிறோம். சறுக்கும் இடங்கள் குறிப்பாக மூன்று. முதலாவது, டார்க் சோயா சாஸ். இங்கே மலிவாகக் கிடைப்பது கேரமல் நிறமும் உப்பும் தூக்கலான கருப்புச் சாஸ். அதைப் போட்டால் எந்தக் கோழியும் சில்லி சிக்கன்தான். இயற்கையாக நொதித்த லைட் சோயா வாங்குங்கள், கொரியக் கடைக்குப் போனால் யாங்ஜோ காஞ்சாங் என்று கேட்கலாம். இரண்டாவது, இஞ்சி பூண்டு விழுது. கன்புங்கியில் பூண்டு கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆறேழு பல்லைக் கத்தியால் கொத்தமல்லி விதை அளவுக்கு நறுக்குங்கள், இஞ்சி அதில் பாதிக்கும் குறைவு. மூன்றாவது, குடைமிளகாயும் வெங்காயமும் சதுரம் சதுரமாக. அவை தண்ணீர் விடும், தட்டையும் அடைக்கும். கன்புங்கியில் சிவப்பும் பச்சையுமாகக் குடைமிளகாயை அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்கி, மொத்தம் ஒரு கைப்பிடிதான் போடுவார்கள். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. கொரியாவில் பயன்படுத்தும் தேபா தடிமனானது, வாசம் அதிகம், அதனால் நம் மெல்லிய தாளை இரண்டு மடங்காகப் போடுங்கள்.

நல்லெண்ணெய் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கடைசியில் விடச் சொல்லும் எள்ளெண்ணெய்க்கு நம் நல்லெண்ணெய் சரியாக வராது. கொரியாவில் எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிகிறார்கள், அதனால் அந்தக் கரும்பழுப்பு நிறமும் வறுத்த மணமும். நம்முடையது வறுக்காத எள்ளில் ஆட்டியது. இட்லிப்பொடிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் இங்கே விட்டால் வாசம் வேறு ஊருக்குப் போய்விடும். ‘டோஸ்டட் செசமே ஆயில்’ கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், நஷ்டம் அதிகமில்லை.

மிளகாய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. காரம் இதில் முதல் சுவை இல்லை. வாயில் வைத்ததும் புளிப்பும் இனிப்பும் வரவேண்டும், காரம் பின்னால் ஏறவேண்டும். குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டால் அது முன்னால் வந்து நின்றுகொள்ளும். பேடகி மிளகாயோ காஷ்மீரி மிளகாயோ ஏழெட்டு, விதை தட்டிவிட்டு அரை அங்குலத் துண்டுகளாகக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். காரத்துக்கு ஒரே ஒரு பச்சை மிளகாய் பொடியாக. மிளகாய் எண்ணெய் இருந்தால் தாளிப்பதற்கு அதையே ஊற்றலாம். வீட்டிலேயே செய்யலாம்: எண்ணெயில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை மெல்லிய தீயில் வாசம் வரும்வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து, கொரகொரப்பாகப் பொடித்த காஷ்மீரி மிளகாய் சேர்த்து வடிகட்டினால் போதும். அஜினமோட்டோ பற்றி எப்படியும் யாராவது கேட்பார்கள். கொரியாவின் சீன உணவகங்களில் அது சாதாரணமாகப் போடுவதுதான், உங்கள் நினைவில் இருக்கும் சுவையில் அதற்கும் பங்கு இருக்கலாம். இந்த அளவுக்குக் கால் டீஸ்பூன் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வேண்டாம் என்று தோன்றினால் ஆய்ஸ்டர் சாஸ் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

இனி கடைசி ஒன்றரை நிமிடம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சாஸ் கொதி வந்ததும் கோழியைப் போட்டு, சாஸ் வற்றும்வரை கிளறுகிறீர்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது. வற்றவேண்டியது கோழி இறங்கும் முன்பே வற்றியிருக்கவேண்டும். கோழி உள்ளே இருக்கும்போது வற்றும் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிறது, இன்னொரு பங்கை ஓடு குடித்துவிடுகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது முறை பொரிக்க எண்ணெய் காயும்போதே பக்கத்து அடுப்பில் இரும்புச் சட்டி காய்ந்துகொண்டிருக்கட்டும். கோழியை எடுத்து வலையில் வைத்த கையோடு சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், காய்ந்த மிளகாய். மிளகாய் பளபளத்து நிறம் ஏறும்போதே பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள். பூண்டின் ஓரம் மட்டும் பொன்னிறமாகத் தொடங்கும்போது, கலக்கி வைத்த சாஸைச் சட்டியின் நடுவில் ஊற்றாமல் சுற்றுவிளிம்பில் சுழற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் சோயா சீறிக் கொஞ்சம் தீய்ந்த மணம் எழும்பும், கடைச் சுவையில் கால்வாசி அந்த மணம்தான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வினிகர் ஆவி கண்ணில் ஏறும். முதலில் பெரிய பெரிய குமிழிகளாகத் தளதளவென்று கொதிக்கும். முப்பது, நாற்பது நொடியில் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, சட்டி முழுக்க நுரைத்த மாதிரி ஆகும். கரண்டியால் இழுத்தால் அடி ஒரு கணம் தெரிந்து பிறகு மூடும். பாகு கணக்கில் சொன்னால் ஒற்றைக் கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால். இப்போது அதில் தண்ணீர் குறைவு, இருப்பதையும் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது, ஓட்டுக்குள் இறங்குவதற்கு அதிகம் மிச்சமில்லை. பொடியாக நறுக்கிய குடைமிளகாய், பச்சை மிளகாய், உடனே கோழி, நாலைந்து புரட்டு. ஒவ்வொரு துண்டிலும் மெல்லிய பூச்சாக ஒட்டியதும் அடுப்பை அணைத்து, அரை டீஸ்பூன் வினிகர், சில சொட்டு எள்ளெண்ணெய், மிளகுத்தூள். கொதிக்கும்போது வினிகரின் கூர்மை கொஞ்சம் போய்விடும், அந்தக் கடைசி அரை டீஸ்பூன் அதைத் திருப்பித் தருகிறது. கோழி சட்டியில் இருக்கும் நேரம் இருபது நொடியைத் தாண்டக்கூடாது. தட்டில் கொட்டியதும் அடியில் குழம்பு வழிந்தால், அடுத்த முறை இன்னும் பத்து நொடி சாஸை வற்றவிடுங்கள்.

வீட்டில் வராத ஒன்றும் இருக்கிறது. உணவகத்துச் சட்டி அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு. அங்கே ஒரு கிலோ கோழியைக் கொட்டினாலும் சட்டி சூடு இறங்காது. வீட்டில் அரைக் கிலோவைக் கொட்டினாலே இறங்கிவிடும், சூடு இறங்கிய சட்டியில் சாஸ் மறுபடி நீர்த்து நிற்கும். வழி ஒன்றுதான்: பெரிய பர்னரில் இரும்புச் சட்டியைப் புகை கிளம்பும்வரை காயவிட்டு, கோழியையும் சாஸையும் இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு தடவையாகப் புரட்டுவது. நான்ஸ்டிக் வேண்டாம், அதை இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. இவ்வளவு செய்தாலும் அந்த நெருப்பு வாசம் உணவகத்தில் இருந்த அளவுக்கு வீட்டில் வராது. சுவையில் பத்தில் ஒன்பது பங்கு வரும்.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஈர ஸ்டார்ச் மாவு அதில் நிற்காது, ஓடு பிடிக்கும் முன்பே வழிந்து கூடையில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் சூடு பண்ண மட்டும் அது நல்ல கருவி. மீந்ததை 180 டிகிரியில் நாலு நிமிடம் வைத்தால் முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பும், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். விருந்தாளிகள் வரும் நாளென்றால் முதல் பொரிப்பை மதியமே முடித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு இரண்டாவது பொரிப்பும் சாஸும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. பக்கத்தில் வைக்க மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் கிடைக்காவிட்டால், வெள்ளை முள்ளங்கியை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வினிகர், சர்க்கரை, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளில் முந்தின நாளே போட்டு வையுங்கள்.